சேவல் இல்லாமல் பெட்டை முட்டையிடுமா? ஏழு பெட்டைக்கு மூன்று சேவல் அதிகமா?

அப்பள வீட்டுக்காரி, கல்லிடைக்குறிச்சி
மார்ச் 8, காலை 6.10

எல்லாருக்கும் வணக்கம். புறவாசலில் ஏழு பெட்டை வைத்திருக்கிறேன், எல்லாம் சிறுவிடை, சின்ன ஜாதி நாட்டுக்கோழி. போன ஐப்பசியில் அடை வைத்துப் பொரித்ததில் மூன்று சேவலாகப் போய்விட்டது. நிறத்தில் ஒன்று செவலை, ஒன்று கீரி, ஒன்று கருப்பு. மூன்றும் இப்போது கூவ ஆரம்பித்திருக்கின்றன.

பிரச்சினை என்னவென்றால், காலையில் கூட்டைத் திறந்ததும் மூன்றும் ஒரே பெட்டையைத் துரத்துகின்றன. செம்பி என்று ஒரு பெட்டை. அதன் முதுகில் இப்போது இறகே இல்லை. நேற்று தூக்கிப் பார்த்தேன். சிறகுக்கு அடியில், விலாப் பக்கம், இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிந்து காய்ந்திருக்கிறது. வெளியே தெரியவே இல்லை. இத்தனை நாள் அது வலியோடுதான் மேய்ந்திருக்கிறது என்று நினைத்தால் மனது கேட்கவில்லை.

அப்புறம் எங்கள் வளவில் ஒரு வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. மூன்றரை மணிக்கே இவை கூவுவதால் குழந்தை எழுந்துவிடுகிறது. அவர்கள் சண்டை போடவில்லை, முகம் வாடிச் சொன்னார்கள். அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

மூன்றையும் கொடுத்துவிட்டால் பெட்டைகள் முட்டையிடுவதை நிறுத்திவிடுமா? ஒன்றை வைத்துக்கொள்வதென்றால் எதை வைப்பது? செவலைதான் பெரியது. ஆனால் அதைச் சுடலைமாடன் கொடைக்கு என்று அம்மா நேர்ந்துவிட்டார்கள்.

முக்கூடல் அண்ணாச்சி
மார்ச் 8, காலை 7.25

தங்கச்சி, முதல் கேள்விக்குப் பதில் நேரானது. முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. பெட்டை பருவத்துக்கு வந்தால் அது பாட்டுக்கு முட்டையிடும். நாமக்கல் பண்ணைகளில் லட்சக்கணக்கில் கோழி நிற்கிறது, அங்கே சேவலுக்கு வேலையே கிடையாது. நாம் கடையில் வாங்கும் வெள்ளை முட்டை எல்லாம் சேவல் சேராத முட்டைதான். குஞ்சு வேண்டும் என்றால் மட்டும்தான் சேவல்.

ஏழு பெட்டைக்கு மூன்று சேவல் ரொம்பவே அதிகம். எட்டு, பத்து பெட்டைக்கு ஒரு சேவல் என்பதுதான் கணக்கு. முதலில் செம்பியைத் தனியாகப் பஞ்சாரத்தில் போடுங்கள். மற்றதை அப்புறம் யோசிக்கலாம்.

பழைய வாத்தியார், பாளையங்கோட்டை
மார்ச் 8, காலை 9.02

சேவல் சேராத முட்டையில் சத்துக் கிடையாது என்றுதான் எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். எங்கள் ஆச்சி பிள்ளை பெற்றவளுக்குச் சேவல் மிதித்த கோழியின் முட்டையைத்தான் தேடி வாங்குவாள். அத்தனை பேர் சொன்னது வீணாகவா போகும்?

ராமையன்பட்டி மாணவன்
மார்ச் 8, மதியம் 1.40

ஐயா, நான் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறேன். பணிவோடு சொல்கிறேன், கருக்கூடிய முட்டைக்கும் கூடாத முட்டைக்கும் சத்தில் வித்தியாசம் இல்லை. நாட்டுக்கோழி முட்டை ருசியாக இருப்பதற்குக் காரணம் அது மேயும் புல், பூச்சி, கரையான். உங்கள் ஆச்சி தேடி வாங்கியது சேவல் இருக்கும் வீட்டு முட்டை. சேவல் இருக்கும் வீடென்றால் கோழி வெளியே மேயும் வீடு. அதனால் அவர்கள் தேர்வு சரியாகவே இருந்திருக்கும், காரணம் மட்டும்தான் வேறு.

கருக்கூடியதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். முட்டையை உடைத்துத் தட்டில் ஊற்றுங்கள். மஞ்சள் கருவின் மேல் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி எல்லா முட்டையிலும் இருக்கும். சேவல் சேராததில் அது ஒழுங்கில்லாத சிறு திட்டு. சேர்ந்ததில் கொஞ்சம் பெரிதாக, வட்டத்துக்குள் வட்டம் போட்டது மாதிரி வளையமாக இருக்கும். சில முட்டையில் ரத்தப் பொட்டு ஒன்று தெரியும். அதைப் பார்த்துக் ‘குஞ்சு பிடித்துவிட்டது’ என்று கொட்டிவிடுகிறார்கள். அது முட்டை உருவாகும்போது சின்ன ரத்தக் குழாய் வெடித்ததால் வருவது. சேவலுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

ஒன்றில் மட்டும் வித்தியாசம் உண்டு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கருக்கூடிய முட்டையை அடுக்களைத் தட்டில் நாலு நாள் விட்டால், அடை வைக்காமலேயே உள்ளே கரு வளர ஆரம்பித்துப் பாதியில் கெட்டுவிடும். சேவல் சேராத முட்டை அதைவிடக் கூடுதல் நாள் தாங்கும்.

பழைய வாத்தியார், பாளையங்கோட்டை
மார்ச் 8, மாலை 4.15

தம்பி, இன்று இரண்டு முட்டை உடைத்துப் பார்த்தேன். ஒன்று கடை முட்டை, ஒன்று பக்கத்து வீட்டு நாட்டு முட்டை. நாட்டு முட்டையில் நீ சொன்ன வளையம் நன்றாகத் தெரிந்தது. அறுபது வருஷமாக முட்டை உடைக்கிறேன், கண்ணில் பட்டதே இல்லை. சந்தோஷம்.

ராதாபுரம் தோட்டம்
மார்ச் 8, இரவு 8.30

அக்கா, செம்பியின் காயத்தைப் பற்றி எழுதுகிறேன், அதுதான் அவசரம். என்னிடம் நாற்பது பெட்டை, நாலு சேவல் இருக்கின்றன. இந்தக் காயத்தை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சேவல் மிதிக்கும்போது பெட்டையின் பிடரியை அலகால் கவ்வி, முதுகில் ஏறி, விழாமல் இருக்க இரண்டு காலாலும் மாறி மாறி மிதிக்கும். இளஞ்சேவலுக்கு நிதானம் தெரியாது, சறுக்கும். சறுக்கும்போது நகம் விலாவைக் கிழிக்கும். வயசான சேவல் என்றால் காலின் பின்பக்கத்து முள்ளும் சேர்ந்துகொள்ளும். மேலே இறகு மூடியிருப்பதால் நமக்குத் தெரியாது. அதனால் வாரம் ஒரு முறையாவது ஒவ்வொரு பெட்டையையும் கையில் எடுத்துச் சிறகைத் தூக்கிப் பார்த்துவிட வேண்டும்.

ஆறவைத்த வெந்நீரில் உப்புப் போட்டுக் காயத்தைக் கழுவுங்கள். ஈ முட்டை வைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். புழு வைத்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சுத்தமாக இருந்தால் மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசினால் போதும், ஈ அண்டாது. முழுசாக ஆறும் வரை கூட்டத்தில் விடாதீர்கள். சிவப்பைக் கண்டால் மற்ற பெட்டைகளே கொத்திப் பெரிசாக்கிவிடும். ஆறின பிறகும் இறகு முளைக்க நாள் ஆகும். அதுவரை பழைய கெட்டித் துணியில் முதுகை மூடுகிற மாதிரி வெட்டி, இரண்டு சிறகிலும் மாட்டிக்கொள்ள நாடா வைத்துத் தைத்துப் போட்டுவிடுவேன். இரண்டு நாள் கோணல்மாணலாக நடக்கும், பிறகு பழகிவிடும்.

முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே எலும்பு, மேலேதான் கொம்பு மாதிரி உறை. அடியோடு வெட்டினால் ரத்தம் கொட்டும். நுனியை மட்டும் அரத்தால் ராவி மொண்ணையாக்கினால் போதும். ராத்திரி கூட்டில் அடைந்த பிறகு செய்தால் அலட்டாமல் நிற்கும்.

வள்ளியூர் பையன்
மார்ச் 8, இரவு 9.11

அந்த மூன்று சேவலும் பெருவிடை ஜாதியா அக்கா? சண்டைக்கு ஆகும் என்றால் நல்ல விலை கிடைக்குமே.

நெறியாளர்
மார்ச் 8, இரவு 9.40

தம்பி, சேவல் சண்டைப் பேச்சு இங்கே வேண்டாம். விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960 அதைக் குற்றம் என்கிறது. கேள்வி காயம்பட்ட பெட்டையைப் பற்றியது. அதில் நிற்போம்.

முக்கூடல் அண்ணாச்சி
மார்ச் 9, காலை 6.50

எந்தச் சேவலை வைப்பது என்று தங்கச்சி கேட்டதற்கு வருகிறேன். பெரியதை வைக்காதீர்கள், நல்லதை வையுங்கள். எது நல்லது என்று தெரிய ஒரு நாள் காலையில் அரைமணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

ஒரு கை கம்பை மூன்று சேவலுக்கும் எட்டுகிற மாதிரி தள்ளித் தள்ளிப் போடுங்கள். நல்ல சேவல் தான் தின்னாது. தலையைத் தாழ்த்தி ‘குக்குக்குக்’ என்று அடித்தொண்டையில் கூப்பிடும். ஒரு மணியை அலகில் எடுக்கும், கீழே போடும், மறுபடி எடுக்கும், மறுபடி போடும். பெட்டை ஓடிவந்து அதன் அலகுக்குக் கீழேயே அந்த மணியைக் கொத்தும். பெட்டைகள் தின்று முடித்த பிறகுதான் அது குனியும். இந்தப் புத்தி இருக்கிற சேவலுக்குப் பெட்டை தானாகவே பதுங்கிக் கொடுக்கும், துரத்த வேண்டியிருக்காது.

அடுத்தது அணைகிற விதம். பழகின சேவல் ஒரு பக்கச் சிறகைத் தரை தொடுகிற மாதிரி தாழ்த்தி, பெட்டையைச் சுற்றி அரைவட்டமாகக் குறுக்கே நடக்கும். பெட்டைக்கு இஷ்டம் இருந்தால் உட்காரும், இல்லையென்றால் நகர்ந்துவிடும். அதோடு விட்டுவிடும். பின்னாலிருந்து பாய்கிறது என்றால் அது இளசு. ஐந்து ஆறு மாதத்தில் எல்லாச் சேவலும் அப்படித்தான். பாதிக்கு மேல் வயசு கூடக் கூடத் திருந்தும். ஒரு வருஷம் ஆகியும் திருந்தவில்லை என்றால் அதை வளர்க்காதீர்கள், குணம் குஞ்சுக்கும் வரும்.

மூன்றாவது, ஆகாயத்தில் வல்லூறு நிழல் தெரிந்தால் என்ன செய்கிறது என்று பாருங்கள். என்னிடம் இருந்த ஒரு வெள்ளைச் சேவல் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் மேலே பார்க்கும், நீளமாக ஒரு சத்தம் கொடுக்கும். அடுத்த நொடி முற்றத்தில் ஒரு குஞ்சு இருக்காது. தரையில் பாம்போ கீரிப்பிள்ளையோ வந்தால் சத்தமே வேறு, விட்டு விட்டு ‘கொக்… கொக்… கொக்’ என்று. எனக்கே சத்தத்தை வைத்து மேலே பார்ப்பதா கீழே பார்ப்பதா என்று தெரிந்துவிடும்.

களக்காட்டு வாழை
மார்ச் 9, காலை 10.05

அண்ணாச்சி சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். சேவல் எச்சரிக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. எங்கள் வாழைத் தோட்டத்தில் ஒரு சேவல் கீரிப்பிள்ளையோடு மல்லுக்கு நின்றது. பெட்டைகள் எல்லாம் தப்பித்தன. சேவலை வரப்பில் எடுத்தோம். இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அன்றைக்குக் கூட்டுக் கதவை நான் நேரத்தோடு சாத்தியிருந்தால் அது உயிரோடு இருந்திருக்கும். சேவல் இருக்கிறது என்று நம்பிக் கதவைத் திறந்து போடாதீர்கள்.

மேலே முண்டந்துறைக் காட்டு ஓரம் போனால் சாம்பல் காட்டுக்கோழிச் சேவல் கூவுவதைக் கேட்கலாம், வீட்டுச் சேவல் மாதிரி இருக்காது, கரகரவென்று உடைந்து உடைந்து வரும். வீட்டுக்கோழிக்கு முக்கிய மூதாதை சிவப்புக் காட்டுக்கோழிதான். ஆனால் நம் கோழிகளின் மஞ்சள் தோல் இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் மரபணு ஆய்வில் கண்டார்கள். நம் மலைக்கோழியின் ரத்தம் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது என்று நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. காட்டுக்கோழியைப் பிடிப்பதும் அடிப்பதும் வனக்குற்றம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பள வீட்டுக்காரி, கல்லிடைக்குறிச்சி
மார்ச் 9, மதியம் 2.20

எல்லாருக்கும் நன்றி. செம்பியைத் தனியாகப் போட்டு மஞ்சள் பூசியாயிற்று. புழு இல்லை.

அண்ணாச்சி சொன்ன மாதிரி காலையில் கம்பு போட்டுப் பார்த்தேன். செவலை மொத்தத்தையும் தானே தின்றது. கருப்பு செவலைக்குப் பயந்து ஓரமாகவே நின்றது. கீரிதான் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தது! நான் அதை நோஞ்சான் என்றுதான் நினைத்திருந்தேன்.

கூவுவதை நிறுத்த வழி இருக்கிறதா? இருட்டிலேயே கூவுகிறதே, வெளிச்சம் பார்த்துத்தானே கூவ வேண்டும்?

ராமையன்பட்டி மாணவன்
மார்ச் 9, இரவு 7.55

அக்கா, வெளிச்சம் வேண்டியதில்லை. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் 2013இல் இதைச் சோதித்தார்கள். சேவல்களை எந்நேரமும் ஒரே மங்கல் வெளிச்சத்தில் வைத்தும், அவை கிட்டத்தட்ட ஒரு நாள் கணக்கில் தவறாமல் கூவின. உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே சேவல் கூவத் தொடங்கும். அதே குழு 2015இல் இன்னொன்றையும் சொன்னது. கூட்டத்தில் மேலே இருக்கும் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை படிவரிசைப்படி பின்னால். ஆக, மூன்று இருக்கும் வரை ஒன்று ஆரம்பித்தால் மற்ற இரண்டும் பதில் கொடுக்கும். ஒன்றாக்கினால் சத்தம் நிச்சயம் குறையும், நிற்காது.

ராத்திரி கூட்டைச் சாக்கால் மூடி, பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். காற்று போக வழி விட்டு மூடுங்கள். கழுத்தில் பட்டை கட்டுகிற யோசனையை யாராவது சொல்வார்கள், நம் வெக்கையில் அது ஆபத்து. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். கழுத்தை இறுக்கக் கூடாது.

ராதாபுரம் தோட்டம்
மார்ச் 9, இரவு 9.20

ஒரு சந்தேகம் அக்கா. அந்தக் கீரி உங்கள் பெட்டைகளின் பிள்ளையா? அப்படி என்றால் தாயோடு சேர்த்துக் குஞ்சு எடுக்காதீர்கள். வேறு ஊரில் மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்பள வீட்டுக்காரி, கல்லிடைக்குறிச்சி
மார்ச் 9, இரவு 9.34

இல்லை. சேரன்மகாதேவியில் பெரியம்மா வீட்டு முட்டை. எங்கள் கோழி அடை காத்தது மட்டும்தான்.

ராதாபுரம் தோட்டம்
மார்ச் 9, இரவு 9.50

அப்போது சரி, கீரியே இருக்கட்டும். அதன் பெட்டைக் குஞ்சுகள் முட்டைக்கு வரும்போது சேவலை மாற்றுங்கள்.

மாற்றும்போது ஒரு விஷயம், என் வீட்டில் நடந்தது. ஒரு சந்தையில் நல்ல எடுப்பான சேவல் என்று வாங்கி, வந்த அன்றைக்கே கூட்டத்தில் விட்டேன். நாலாம் நாள் அது தலையைத் தொங்கப்போட்டது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. பத்து நாளில் இருபத்திரண்டு கோழியைக் குழியில் போட்டேன். வெள்ளைக்கழிச்சல். அன்றிலிருந்து புதுக்கோழி எது வந்தாலும் மூன்று வாரம் தனிக்கூடு, தனித் தண்ணீர்ச் சட்டி. அதற்குத் தீனி வைப்பது எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான். தடுப்பூசியும் தவறாதீர்கள். குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டு வாரத்தில் சிறகில் ஊசி. நம் பக்கம் கால்நடைத்துறை பிப்ரவரியில் இரண்டு வாரம் இலவச முகாம் நடத்தும், அதை விடாதீர்கள்.

வள்ளியூர் பையன்
மார்ச் 10, காலை 8.15

கூர் முட்டை வைத்தால் சேவல், உருண்டை முட்டை வைத்தால் பெட்டை பொரிக்கும் என்கிறார்களே, உண்மையா? அக்காவுக்கு அடுத்த தடவை பெட்டையாகவே வரவைக்கலாமே.

ராமையன்பட்டி மாணவன்
மார்ச் 10, காலை 11.30

இல்லை தம்பி. கோழியினத்தில் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது தாய்க்கோழி. மனிதரில் தகப்பன் தருவதை இங்கே தாய் தருகிறது. முட்டை வடிவத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அடை வைத்தால் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் வரும். பத்துக் குஞ்சு என்றால் ஐந்து சேவலுக்கு இடம் எங்கே, யாருக்குக் கொடுப்பது என்று அடை வைக்கும் முன்னாலேயே முடிவெடுத்துக்கொள்வது நல்லது.

அப்பள அக்காவுக்கு இன்னொன்று. பெட்டையின் உடம்பில் சேவலின் வித்து இரண்டு, மூன்று வாரம் வரை உயிரோடு தங்கும். ஒரு தடவை சேர்ந்தாலே அத்தனை நாள் முட்டை கருக்கூடும். அதனால் மற்ற இரண்டையும் பிரித்த பிறகு மூன்று வாரம் பொறுத்து முட்டை சேர்த்தால்தான் குஞ்சு கீரியுடையது என்று உறுதி.

முக்கூடல் அண்ணாச்சி
மார்ச் 10, மாலை 5.05

அடைக்கு முட்டை சேர்க்கும்போது கூர்முனை கீழே இருக்கிற மாதிரி, குளிர்ந்த மூலையில், மணல் பரப்பின பானையில் வையுங்கள். குளிர்பெட்டி வேண்டாம். ஏழு நாளுக்கு மேல் சேர்க்காதீர்கள். வெயில் ஏறினால் சேவலுக்கும் வித்து வலு குறையும், கூமுட்டை கூடும். நிழலும் தண்ணீரும் தாராளமாக இருக்கட்டும். பெட்டைக்குக் கடையில் விற்கும் முட்டைக்கோழித் தீவனத்தைப் போடுகிறவர்கள் சேவலுக்கும் அதையே வருஷக்கணக்கில் போடக்கூடாது. அதில் சுண்ணாம்புச் சத்து தூக்கல், சேவலின் சிறுநீரகத்துக்கு ஆகாது. பொதுத் தீனியைப் போட்டு, கிளிஞ்சல் பொடியைத் தனிச் சட்டியில் வைத்துவிட்டால் வேண்டிய பெட்டை கொத்திக்கொள்ளும்.

கருப்பை எனக்குக் கொடுங்கள் தங்கச்சி. என்னிடம் ஒன்பது பெட்டை இருக்கிறது, சேவல் இல்லை. செவலையோடு இருந்ததால்தான் அது ஒதுங்கி நிற்கிறது. தனியாக நின்றால் தெளிந்துவிடும்.

பழைய வாத்தியார், பாளையங்கோட்டை
மார்ச் 10, இரவு 8.00

பக்கத்து வீட்டில் ஒரு கிழட்டுப் பெட்டை கூவுகிறது. வீட்டுக்கு ஆகாது என்று அறுக்கப் பார்க்கிறார்கள். தம்பி என்ன சொல்கிறாய்?

ராமையன்பட்டி மாணவன்
மார்ச் 10, இரவு 8.45

ஐயா, காப்பாற்றுங்கள். பெட்டைக்கு இடது பக்கச் சினைப்பை மட்டும்தான் வேலை செய்யும். அது நோயாலோ வயசாலோ பழுதானால் ஆண் தன்மை தலையெடுக்கும். கொண்டை பெருக்கும், முள் முளைக்கும், கூவும். சேவலே இல்லாத கூட்டத்திலும் தலைமைப் பெட்டை சில நேரம் கூவிப் பார்க்கும். அந்த வீட்டின் நல்லது கெட்டதுக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. உடம்பு சுகமில்லாத ஒரு கோழி, அவ்வளவுதான்.

பழைய வாத்தியார், பாளையங்கோட்டை
மார்ச் 11, காலை 7.10

சொன்னேன். விட்டுவிட்டார்கள்.

அப்பள வீட்டுக்காரி, கல்லிடைக்குறிச்சி
ஏப்ரல் 18, காலை 6.30

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள், அப்பள வேலை. கருப்பை அண்ணாச்சி மார்ச் 12ஆம் தேதியே வந்து பனையோலைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார். செவலையைத் தனியாக அடைத்துப் போட்டிருந்தோம், கொடையில் நேர்ச்சையைச் செலுத்தியாயிற்று. இப்போது கீரி மட்டும்தான். நாலு மணிக்கு ஒரு கூவல், ஐந்துக்கு இரண்டு. கூட்டைத் தொழுப் பக்கம் மாற்றிவிட்டதால் வளவுக்குக் கேட்பதில்லை என்று குழந்தையின் அம்மாவே சொன்னாள்.

செம்பியின் முதுகில் கருகருவென்று முள்ளிறகு குத்திட்டு நிற்கிறது. துணியைக் கழற்றி நாலு நாள் ஆகிறது. முந்தாநாள் கீரி சிறகைத் தாழ்த்திக்கொண்டு அதைச் சுற்றி வந்தது. செம்பி நகர்ந்துவிட்டது. கீரி நின்ற இடத்திலேயே மண்ணைக் கிளறி ‘குக்குக்’ என்று கூப்பிட ஆரம்பித்தது.

மூன்று வாரம் பொறுத்துத்தான் முட்டை சேர்த்தேன். பதினொரு முட்டை வைத்து நேற்றோடு ஏழு நாள். ராத்திரி விளக்கைப் போட்டு, அட்டையில் ஓட்டை போட்டு ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். இரண்டு தெளிந்து கிடக்கிறது, அதை எடுத்துவிட்டேன். ஒன்பதில் நடுவே ஒரு கறுப்புப் பொட்டும் அதைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பும் ஓடுகிறது. என் மகள் ஒரு முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே அசைகிறது அம்மா என்று கீழே வைக்கவே மாட்டேன் என்றாள். சூடு ஆறிவிடும் என்று வாங்கி அடைக்கோழிக்கு அடியில் வைத்தேன்.

முக்கூடல் அண்ணாச்சி
ஏப்ரல் 18, காலை 7.00

மே முதல் தேதி பொரிக்கும். கருப்பும் இங்கே பெட்டையைக் கூப்பிட்டுத் தீனி கொடுக்கிறது தங்கச்சி. வந்து பாருங்கள்.